கச்சத்தீவை மீட்போம் என்று எழுதுகிறவர்களுக்கு

தேர்தல் அறிக்கை தயாரிக்கும் தமிழகக் கட்சி நண்பர்களுக்கு,

வணக்கம். அடுத்த அறிக்கையிலும் "கச்சத்தீவை மீட்போம்" என்ற வரி வரத்தான் போகிறது. வரட்டும். மீட்டபின் கடல் எல்லைக்கோடு எங்கே போகும் என்று ஒரு தடவை வரைபடத்தை விரித்துப் பார்த்தீர்களா?

1974இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தக் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே சுமார் ஒரு மைல் தள்ளிப் போகிறது. தீவு 285 ஏக்கர்தான். குடியிருப்பு கிடையாது, அந்தோணியார் கோயில் உண்டு. எல்லை வழக்குகளில் சின்னத் தீவுகள் பெரிதாக எடுபடுவதில்லை. 2001இல் கத்தார், பஹ்ரைன் வழக்கில் ஜரதா என்ற திட்டு பஹ்ரைனுக்கே சொந்தம் என்று சொன்ன சர்வதேச நீதிமன்றம், நடுக்கோடு போடும்போது அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சரி, ஜரதா ஒரு மணல்மேடு, கச்சத்தீவு அதைவிடப் பெரிது, கோடு போடும்போது அதற்கு முழு மதிப்பும் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கோடு கச்சத்தீவுக்கும் இலங்கையின் நெடுந்தீவுக்கும் நடுவில்தான் விழும். படகு பிடிபட்ட செய்திகளில் அடிக்கடி வரும் பெயரே நெடுந்தீவுதான். அந்தக் கரையோரம் அப்போதும் இலங்கையுடையதாகத்தான் இருக்கும்.

மீன்பிடிக்கு உண்மையில் கதவைச் சாத்தியது இரு நாட்டு அரசுகளும் 1976 மார்ச்சில் செய்த கடிதப் பரிமாற்றம். அனுமதி இல்லாமல் இலங்கைக் கடலில் இந்தியப் படகுகள் மீன் பிடிக்கக்கூடாது என்று அதில்தான் இருக்கிறது. மேடையில் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கோஷத்துக்கு ஒத்துவராது போல.

அந்தப் பக்கம் வலை போடுகிறவர்களும் தமிழர்கள்தான், போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர்கள். நம் விசைப்படகுகள் கடலடியை வாரி இழுத்துப்போகும் இழுவைமடி வலை ஒரு ராத்திரி குறுக்கே போனால் அவர்கள் விரித்துவைத்த செவுள்வலை கந்தலாகிவிடும். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது.

நம் கரையிலும் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இதே தகராறு இருந்தது. சண்டை போட்டுச் சலித்தபின், வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று ஏற்பாடு வந்தது. அப்படியொரு பேச்சை யாழ்ப்பாண, மன்னார் மீனவர்களோடும் நடத்தலாம். ஆனால் இழுவைமடியைக் கைவிடத் தேதி சொல்லாமல் போனால் அவர்கள் எதற்கு உட்கார்ந்து பேச வேண்டும்?

2017இல் இழுவைப்படகை ஆழ்கடல் படகாக மாற்றும் திட்டம் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் என்று கணக்குப் போட்டார்கள். மானியம் போக மீதி, மீனவரின் கைப்பணமும் வங்கிக் கடனும். உங்கள் அறிக்கையில் அந்த மீதியில் எவ்வளவை அரசு ஏற்கும், எந்த ஆண்டுக்குள் எத்தனை படகு மாறும் என்று எண்ணாகவே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்