விளக்கின்மேல் ஒட்டியிருந்த டேப்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். புனேயில் உனக்கு வேலை அதிகமாக இருக்கும் என்பதால் தொலைபேசியில் தொந்தரவு செய்யாமல் எழுதுகிறேன்.

விஷயம் உன் வண்டியைப் பற்றியது. சித்திரையில், நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து நீ நிறுத்திவிட்டுப் போன வண்டியைப் போன வாரம் உறை நீக்கி ஸ்டார்ட் செய்தேன். மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் நகத்தளவு கறுப்பு டேப் ஒன்று ஒட்டியிருந்தது. உரித்தேன். அதன் அடியில் செக் என்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்பது ஆண்டுகள் கேரேஜ் நடத்தியவன் வீட்டு வண்டியில் விளக்குக்கு டேப் ஒட்டுவதா என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தத் துண்டின் நான்கு ஓரமும் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்ததைப் பார்த்தபோது, திருட்டு வேலையைக்கூட என் பிள்ளை சுத்தமாகச் செய்திருக்கிறான் என்று தோன்றியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேனரைச் செருகினேன். பி0133 என்று பிழைக் கோடு வந்தது. புகைக்குழாயில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் முன் ஆக்ஸிஜன் சென்சார் மந்தமாக இருக்கிறது என்பது அதன் பொருள். கோடு ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னவுடன் ஜே.சி. ரோட்டுக்கு ஓடி அதை வாங்கி மாட்டுகிறவன் மெக்கானிக் அல்லன் என்று உனக்குச் சிறு வயதிலேயே சொல்லியிருக்கிறேன். ஆகவே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, சென்சாருக்கு முன்னால் உள்ள புகைக்குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். அங்கே ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து, சென்சார் நன்றாக இருந்தும் பொய் சொல்லும். குமிழி வரவில்லை. பெருச்சாளி கம்பியைக் கடிக்கவில்லை. சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் இரண்டு வெள்ளைக் கம்பிகளுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்ததில் ஓம் சரியாகவே இருந்தது. இந்தச் சென்சார் ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும் என்பதால், என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு வோல்ட்டைப் பார்த்தேன். நல்ல சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கும், உன்னுடையது 0.2, 0.3 என்று தவழ்ந்தது. வேக்குவம் குழாய் வழியாகக் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது பீய்ச்சினேன். கலவையில் எரிபொருள் கூடியதும் வோல்ட் சட்டென்று எகிறியிருக்க வேண்டும். எழுப்பிவிட்ட பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்புவதுபோல மெல்ல ஏறியது. அப்போதுதான் மாற்றுவது என்று முடிவு செய்தேன். பாஷ் கம்பெனி இதை முதன்முதலில் வோல்வோவில் மாட்டியது 1976-இல். ஆனால் நான் தொழில் கற்ற கேரேஜில் சைலன்சர் வாயருகே குனிந்து மோந்து பார்க்கும் மூக்குதான் எங்களுக்குச் சென்சார்.

நீ தனியாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொல்லி அம்மா இரண்டு முறை வந்து நின்றாள். இடப்பக்க இருக்கையின் கீழே ஒரு தலைமுடிக் கிளிப் கிடந்தது. டேஷ்போர்டு பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இருக்கையை நான் நகர்த்தவில்லை.

இரவே சென்சாரின் மரையில் துருநீக்கி எண்ணெய் விட்டு வைத்து, மறுநாள் என்ஜினை வெதுவெதுப்பாக்கி, பக்கவாட்டில் வெட்டு உள்ள 22 எம்.எம். சாக்கெட்டைப் போட்டு நெம்பியபோது ஒரு முனகலோடு சுழன்று வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கலவையில் பெட்ரோல் அதிகமாகியிருந்தால் முனையில் கரி படிந்திருக்கும். இதன் மூடியிலிருந்த துளைகளிலோ பல்பொடி அடைத்ததுபோல வெள்ளையாக இருந்தது. அது சிலிக்கான்.

தம்பி, அந்தச் சிலிக்கான் நான் வைத்தது. போன தீபாவளிக்கு நீங்கள் இருவரும் வந்திருந்தபோது, என்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரில் எண்ணெய் கசிகிறது என்று நீ வேண்டாம் என்றும் கேளாமல் கழற்றினேன் அல்லவா? பேக்கிங்கின் மூலைகளில் தடவ, சென்சாருக்குக் கெடுதல் செய்யாத பேஸ்ட் கையில் இல்லை. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, சமையலறைத் தொட்டிக்குப் பூசிய பேஸ்ட்டையே தடவினேன். அதன் ஆவி என்ஜினுக்குள் போய், எரிந்து, புகையோடு வந்து சென்சாரில் படிந்துவிட்டது. பொங்கலன்று விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உன்னிடம், கண்ட பங்க்கில் பெட்ரோல் போட்டால் இப்படித்தான் ஆகும் என்றேன். சென்சாரைக் கொல்லும் ஈயப் பெட்ரோல் 2000-இலேயே நாடு முழுவதும் நின்றுபோனது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். "மாமா, நீங்கள் கழற்றி மாட்டிய பிறகுதானே விளக்கு வந்தது?" என்று மருமகள் கேட்டாள். அவள் கேட்டது சரியான கேள்வி. கேரேஜில் ஒரு பையன் கேட்டிருந்தால் முதுகில் தட்டியிருப்பேன். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் பாதி இலையில் எழுந்தாள், நீயும் எழுந்தாய்.

புதிய சென்சாரை 45 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியிருக்கிறேன். டாப்பெட் கவரையும் திரும்பக் கழற்றி, சுரண்டிச் சுத்தம் செய்து, சரியான பேஸ்ட்டோடு மூடினேன். ஸ்கேனரில் பிழைக் கோடை அழித்தேன், ஓசூர் வரை போய் வந்தும் விளக்கு வரவில்லை. பின்னால் யார் அதைத் தொட்டாலும் முனையில் விரல் படக்கூடாது, மரைக்குப் பூசும் பசையும் படக்கூடாது. கம்பியை வெட்டி ஒட்ட விடாதே, ப்ளக்கில் கிரீஸ் தடவ விடாதே. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்று அந்தக் கம்பி இழைகள் வழியாகத்தான் அதற்குள் போகிறது. முனையைத் தொடக்கூடாது என்பதை மறந்துவிடாதே. இனி விளக்கு எரிந்தால் டேப் ஒட்டாதே, எனக்குச் சொல். நான் கத்தினாலும் சொல்.

பழைய சென்சாரை எறியவில்லை. துணியில் சுற்றி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மருமகள் வரும்போது அந்த வெள்ளையை அவளிடம் நானே காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா