கண்காட்சி, முன்னாள் மாணவர் பக்கம்: பதினோராம் வகுப்புப் பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம்.

பதினோராம் வகுப்பு மாணவர்களின் வரலாற்றுக் கண்காட்சி இந்த மாதக் கடைசியில் நடக்கிறது. 1900 முதல் 1914 வரையிலான இரண்டு அமெரிக்க விடுதிப் பள்ளிகள்தான் பொருள். ஒன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில் 1778இல் தொடங்கிய பிலிப்ஸ் அகாடமி. மற்றது, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1781இல் தொடங்கிய பிலிப்ஸ் எக்சிட்டர் அகாடமி. முன்னதைத் தொடங்கியவர் அண்ணன் மகன், பின்னதைத் தொடங்கியவர் சித்தப்பா. எங்கோ இருக்கும் பள்ளிகளை ஏன் எடுத்தோம் என்று சிலர் கேட்டீர்கள். மாணவர் பத்திரிகையும் முன்னாள் மாணவர் செய்தியும் அங்கே நெடுநாளாக வேரூன்றியவை. நம் பள்ளி மலரில் முன்னாள் மாணவர் பக்கத்தை இந்த ஆண்டுதான் தொடங்குகிறோம். பிள்ளைகள் அங்கே பார்த்துவிட்டு இங்கே எழுதட்டும் என்பதே நோக்கம்.

முதலில் கண்காட்சி. வகுப்பறை மாதிரி செய்யும் குழுவினர் இணையத்தில் தேடினால் நீள்வட்ட மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் படம்தான் முதலில் வரும். அதைச் செய்துவிட வேண்டாம். எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற கொடையாளர் 1930இல் எக்சிட்டருக்கு 58 லட்சம் டாலர் கொடுத்த பிறகு வந்த முறை அது. நமக்கு வேண்டிய காலத்தில் வாத்தியார் முன்னே இருப்பார், பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து, முந்தின இரவு தயார் செய்த வரிகளை ஒப்பிக்க வேண்டும், அதற்கு மதிப்பெண். எக்சிட்டரின் முதன்மைக் கட்டடப் படத்திலும் இதே சிக்கல். 1914இல் பழைய கட்டடம் எரிந்துபோனது; இன்று காண்பது ரால்ஃப் ஆடம்ஸ் கிராம் வடிவமைத்த புதுக் கட்டடம். மாதிரிகளில் மாணவிகளையும் வைக்க முடியாது. எக்சிட்டரில் பெண்கள் சேர்ந்தது 1970இல், ஆண்டோவரில் 1973இல்.

எக்சிட்டரில் ஹார்லன் பேஜ் ஏமன் தலைமையாசிரியராக இருந்த 1895–1913 காலத்தில்தான் விடுதிகள் பெருகின. அதற்கு முன் பெரும்பாலான பையன்கள் ஊருக்குள் வீடுகளில் அறை எடுத்துத் தங்கினார்கள். காலையில் தேவாலய வழிபாட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும். மாலையில் விளையாட்டு, சில நாள் சொற்போர். எக்சிட்டரின் ‘கோல்டன் பிராஞ்ச்’ மன்றம் 1818இலும் ஆண்டோவரின் ‘ஃபிலோமேத்தியன்’ மன்றம் 1825இலும் தொடங்கியவை. இரு பள்ளிகளுக்கும் இடையிலான கால்பந்தாட்டம் 1878 முதல் நடக்கிறது. அது அமெரிக்கக் கால்பந்து. படம் வரைபவர்கள் நம்மூர்ப் பந்தை வரைந்துவிடக் கூடாது. எக்சிட்டரின் ‘எக்சோனியன்’ மாணவர் பத்திரிகை தொடங்கியதும் அதே 1878இல்தான்.

படிப்பைப் பற்றிய பலகைக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். கல்லூரி நுழைவுக்கு வழக்கமாகக் கேட்ட லத்தீன் பாடத்தின் அளவைப் பாருங்கள்: சீசரின் போர்க்குறிப்பில் நான்கு பகுதிகள், சிசரோவின் ஆறேழு சொற்பொழிவுகள், வர்ஜிலின் காவியத்தில் ஆறு பகுதிகள். கிரேக்கம் எடுத்தவனுக்குச் செனபோனும் ஹோமரும் கூட. வரிக்கு வரி மொழிபெயர்ப்பு அச்சடித்த புத்தகங்களும் புழங்கின. நம் கோனார் உரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பி வந்தவன், பார்க்காத பத்தி தேர்வில் வந்ததும் மாட்டிக்கொள்வான்.

முன்பு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக நுழைவுத் தேர்வு வைத்தது. பள்ளிகளுக்கு இது பெரிய தலைவலி. ஒரே வகுப்பில் இருக்கும் பையன்களை வெவ்வேறு பாடப் பட்டியலுக்குத் தயார் செய்ய வேண்டியிருந்தது. 1900இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அமைந்தது. 1901 ஜூனில் நடந்த அதன் முதல் தேர்வை 973 பேர் எழுதினார்கள். எல்லாமே விரித்தெழுதும் வினாக்கள். மதிப்பீடு ஐந்து நிலை: மிக நன்று, நன்று, ஐயத்துக்குரியது, மோசம், மிக மோசம். நடுவில் இருக்கும் ‘ஐயத்துக்குரியது’ பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வீட்டுப்பாடத்தில் அதைப் போடச் சொல்லி ஆசிரியர்களை நச்சரிக்கிறார்கள்.

இனி முன்னாள் மாணவர் பக்கம். செய்தியை எப்படி எழுதுவது என்பதை அந்தப் பள்ளிகளின் பழைய மாணவர்களை வைத்தே வகுப்பில் பழக்குகிறோம். ஹைரம் பிங்காம் ஆண்டோவரில் 1894இல் முடித்தவர். பெரு நாட்டு மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரம் மச்சு பிச்சு. ‘1911இல் மச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தார்’ என்று எழுதிய பிள்ளைக்குத் தாள் திரும்பிப் போனது. அவர் போனபோது அங்கே உழவர் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன, உள்ளூர்க்காரர்தான் வழிகாட்டினார். ‘1911 ஜூலை 24 அன்று மச்சு பிச்சு சென்று, அதை உலகறியச் செய்தார்’ என்பதே சரி.

எக்சிட்டரில் 1908இல் முடித்த நகைச்சுவை எழுத்தாளர் ராபர்ட் பெஞ்ச்லி, ஏதேனும் ஒரு காரியத்தைச் செய்வது எப்படி என்று கட்டுரை எழுதச் சொன்னதற்குப் பிணத்தைப் பதப்படுத்துவது எப்படி என்று எழுதிக் கொடுத்தவர். பின்னாளில், தூங்குவது எப்படி என்று அவர் எழுதி நடித்த குறும்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அவர் ஆஸ்கர் வாங்கினார் என்று எழுதக் கூடாது, விருது படத்துக்கு. 1912இல் முடித்த டொனால்ட் ஆக்டன் ஸ்டூவர்ட் திரைக்கதைக்காக ஆஸ்கரைத் தாமே வாங்கியவர். பின்னாளில் திரைப்பட நடிகரான ஹம்ஃப்ரி போகார்ட் 1918இல் ஆண்டோவரை விட்டு வெளியேற்றப்பட்டார். ஏன் என்பதற்குப் பல கதைகள் உண்டு. கதை எத்தனை இருந்தாலும் நாம் எழுதுவது ‘1918, படிப்பை முடிக்கவில்லை’ என்பது மட்டுமே.

உங்கள் வீட்டிலோ உறவிலோ நம் பள்ளியில் படித்தவர் இருந்தால், பிள்ளை கொண்டுவரும் படிவத்தை நிரப்ப உதவுங்கள். பெயரில் முதலெழுத்தை விரித்து எழுதுங்கள். ஒரே வகுப்பில் மூன்று எஸ். முருகன்கள் இருந்திருப்பார்கள். பெண்களுக்குப் பள்ளிப் பதிவேட்டில் இருந்த முதலெழுத்து வேண்டும், திருமணத்துக்குப் பின் மாறியது போதாது. ஆண்டு என்ற கட்டத்தில் சேர்ந்த ஆண்டை எழுதிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது பள்ளியை விட்ட ஆண்டும் கடைசியாகப் படித்த வகுப்பும். 1978இல் மேல்நிலை வகுப்புகள் வருவதற்கு முன் படித்தவர்கள் பதினொன்றோடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள், அவர்களைப் ‘பாதியில் நின்றவர்’ என்று பிள்ளைகள் குறித்துவிடாமல் பாருங்கள். உண்மையிலேயே பாதியில் நின்றவர்களுக்கும் பக்கத்தில் இடம் உண்டு.

செய்தி இருபத்தைந்து சொல்லுக்குள் இருக்கட்டும். ‘வெளிநாட்டுல பெரிய வேலையில இருக்கானாம்’ என்பது செய்தி ஆகாது. என்ன வேலை, எந்த ஊர் என்று வேண்டும். ஆட்டோ ஓட்டுபவரும் சத்துணவு அமைப்பாளரும் எழுதப்பட வேண்டும், மருத்துவரும் பொறியாளரும் மட்டும் நிறைந்த பக்கத்தை நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன். தகவல் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பது கட்டாயம். இறப்புச் செய்தியை இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்யாமல் எழுத வேண்டாம். சம்பளம், தொலைபேசி எண், வீட்டு விவகாரம் எதுவும் கூடாது. உரியவரின் சம்மதக் கையெழுத்தோ வாட்ஸ்அப் பதிலோ இல்லாத படிவம் திரும்பி வரும்.

பழைய புகைப்படங்களை ஆல்பத்திலிருந்து பிய்த்து அனுப்பாதீர்கள். நிழலில் தரையில் விரித்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து படமெடுத்து அனுப்பினால் போதும். மூலப்படத்தின் பின்புறம் எழுதுவதானால் பென்சிலில், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கத்தில் முகத்தின்மேல் கோடாகத் தெரியும். நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக, வரிசை வாரியாகக் குறியுங்கள். அடையாளம் தெரியாதவருக்குக் கேள்விக்குறி போதும், ஊகம் வேண்டாம்.

நிரப்பிய படிவங்களை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க எழுத்தர் அலுவலகத்துக்கு ஒரு வாரம் வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்