காலேஜ் லேப் கதவை சாயங்காலமும் திறந்து வைங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

இன்டர்நெட் இன்னும் எல்லாருக்கும் போய் சேரலன்னு உங்க பத்திரிகைல வந்த கட்டுரையப் படிச்சேன். டவர் போடணும் ஃபைபர் இழுக்கணும்னு எழுதியிருந்தீங்க, அதெல்லாம் வேணும்தான், இல்லன்னு சொல்லல. ஆனா மொபைல் நிறுவனங்களோட உலகக் கூட்டமைப்பு ஜிஎஸ்எம்ஏ 2024ல வெளியிட்ட அறிக்கைய எடுத்துப் பாருங்க, சிக்னலே இல்லாத இடத்துல இருக்கறவங்க உலகத்துல சுமார் 4 சதவீதம்தான், சிக்னல் இருந்தும் நெட் பயன்படுத்தாதவங்க 300 கோடிக்கும் மேல. இதுக்கு ஃபோன் விலை ஒரு காரணம்னா, எப்படி பயன்படுத்துறதுன்னு தெரியாதது இன்னொரு பெரிய காரணம். தெரியாததுக்கு டவர் போட்டு என்ன பண்றது?

நான் ஒரு சின்ன காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கற வேலைல இருக்கேன். சாயங்காலம் வகுப்பு முடிஞ்சதும் லேபப் பூட்டிடுவோம். கம்ப்யூட்டர், லைன், கரண்ட், ஏசி எல்லாத்துக்கும் ஏற்கனவே காசு கட்டியாச்சு, ராத்திரியும் லீவு நாள்லயும் அந்த லைன் சும்மாதான் கிடக்குது. அதே நேரம் கேட்டுக்கு வெளிய இருக்கறவங்க ஒரு ஃபார்ம் போடணும்னா யார்கிட்டயாவது ஃபோனக் குடுத்து, பாஸ்வேர்ட், ஓடிபி எல்லாத்தையும் சொல்லி, அவங்க முடிச்சுக் குடுக்கற வரைக்கும் பக்கத்துல நிக்கறாங்க. இதுல எவ்வளவு ஆபத்து இருக்குன்னு யாரும் அவங்களுக்கு சொன்னதில்ல.

ஒரு தடவ எங்க மாணவி ஒருத்தியோட அம்மா ஸ்காலர்ஷிப் ஃபார்ம் போட வந்தாங்க. வீட்ல ஃபோன் இருக்கு, தினமும் வீடியோ பாக்கறாங்க, ஆனா கீபோர்ட் தொட்டதே இல்ல. கையெழுத்து ஃபோட்டோவ ஏத்தினா சைஸ் ஜாஸ்தின்னு திருப்பித் திருப்பி எர்ரர் வருது. பொண்ணு டக்குனு மவுஸ வாங்கி முடிக்கப் பாத்தா, நான் விடல, நீ வாயால சொல்லு கை அவங்களோடதா இருக்கட்டும்னேன். படத்த க்ராப் பண்ணி, சைஸ் குறைச்சு, மறுபடி ஏத்தினதும் பச்சை டிக் வந்துச்சு. அடுத்து அவங்க கேட்ட கேள்வி, "இத அப்படியே விட்டுட்டுப் போனா வேற யாராவது உள்ள போயிடுவாங்களா?" லாக் அவுட் எதுக்குன்னு அன்னிக்கு நான் பாடம் எடுக்கவே வேண்டியிருக்கல, தன்னோட வேலைய தானே செஞ்சதுனாலதான் அந்தக் கேள்வி அவங்களுக்கு வந்துச்சு.

இந்த மாதிரி வெளிய இருக்கறவங்களுக்கு சாயங்காலம் லேபத் திறந்து விட்டு, மாணவங்களையே சொல்லிக்குடுக்க வைக்கலாம். பெரிய யுனிவர்சிட்டியவிட சின்ன காலேஜுக்கு இது ஈஸின்னு நான் நினைக்கறேன், ஏன்னா மாணவங்க அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கதான், அவங்ககிட்ட கேக்க பெரியவங்களுக்கு கூச்சமா இருக்காது. சொல்லிக்குடுக்கற பசங்களுக்கு அத ப்ராஜெக்டாவோ க்ரெடிட்டாவோ கணக்குல எடுத்துக்கலாம், சும்மா சேவைன்னு சொன்னா பரீட்சை நேரத்துல ஒருத்தரும் வர மாட்டாங்க.

நிர்வாகத்துல கேட்டா முதல்ல செக்யூரிட்டின்னுதான் சொல்வாங்க. பயம் நியாயமானதுதான், ஆனா வழி இருக்கு. வெளியாட்களுக்கு தனி கெஸ்ட் நெட்வொர்க், அதுக்கு ஸ்பீடு லிமிட், காலேஜ் சர்வர் பக்கம் போகவே முடியாதபடி பிரிச்சு வைக்கறது, லாக் அவுட் பண்ணதும் எல்லாம் அழிஞ்சு போற கெஸ்ட் அக்கவுண்ட், இதெல்லாம் புதுசே இல்ல. அடுத்து கம்ப்யூட்டர் பழசுன்னு சொல்வாங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட், அதாவது இலவச பாதுகாப்பு அப்டேட், பொதுவா முடிஞ்சுது, விண்டோஸ் 11 ஏறாத மெஷின எல்லாம் பழைய சாமானாக்காம லினக்ஸ் மின்ட், லுபுன்டு மாதிரி இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் ஏதாவது போட்டுப் பாருங்க, ப்ரவுசரும் டைப்பிங்கும் பழக அது தாராளமா போதும். லைன் மோசமா இருக்கற இடத்துல கிவிக்ஸ்ங்கற இலவச சாஃப்ட்வேர வச்சு விக்கிபீடியாவ ஒரு கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சுட்டா நெட் இல்லாமலே லேப் பூரா படிக்கலாம்.

எல்லா நாளும் திறக்கச் சொல்லல. வாரத்துல ஒரு சாயங்காலம், ரெண்டு மணி நேரம், லேப் அசிஸ்டென்ட் ஒருத்தர், மாணவங்க நாலு பேர், அதோட அந்த நேரத்துக்கு அசிஸ்டென்டுக்கு சம்பளம், இத மறந்துடக் கூடாது. உங்க பத்திரிகைய காலேஜ் முதல்வர்களும் படிக்கறாங்க, ஏற்கனவே இப்படி திறந்து வச்சிருக்கற காலேஜ்ங்க எப்படி நடத்தறாங்கன்னு விசாரிச்சு ஒரு கட்டுரை போட்டீங்கன்னா, அந்தப் பக்கத்த அப்படியே எடுத்துட்டுப் போய் எங்க நிர்வாகத்துகிட்ட காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு லேப் அசிஸ்டென்ட்