கணப்பைப் பெயர்ப்பதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களை நானும் அம்மாவும் பார்த்தோம். 1890களில் கட்டிய வீடு என்று தரகர் சொன்னாராம். முன்னறையில் குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பைச் சுற்றியுள்ள ஓடுகளைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கணப்பைப் பெயர்த்துவிட்டுச் சுவர் முழுக்க வெள்ளையடிக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்வதாக எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இதை அவரிடம் படித்துக் காட்டாதே. காட்டினாலும் பரவாயில்லை.

போன சனிக்கிழமை லண்டன் கென்சிங்டனில் ஸ்டாஃபோர்ட் டெரஸ் 18ஆம் எண் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். 'பஞ்ச்' நகைச்சுவை இதழின் கேலிச்சித்திரக்காரர் லின்லி சாம்போர்ன், கல்யாணமான மறு வருடம், 1875இல், மனைவி மரியனோடு குடியேறிய வீடு. வெளியே பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இத்தாலிய பாணியில், வெள்ளைச் சாந்துப் பூச்சும் வாசல் தூண்களுமாகத் தெரு முழுக்க ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள். கதவைத் திறந்தால் வேறு உலகம். மோரிஸ் நிறுவனத்துச் சுவர்த்தாள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், நீலமும் வெள்ளையுமான பீங்கான், ஜப்பானிய விசிறிகள், ஒட்டடை அடிக்கவே ஓர் ஆள் வேண்டும் என்னும் அளவுக்குப் படங்கள். அழகுக்காகவே அழகு என்ற அன்றைய 'அழகியல் இயக்க'த்தின் பித்து அது. இதற்கெல்லாம் கொட்டிக் கொடுக்க அவர் ஒன்றும் பெரும் பணக்காரர் இல்லை. பின்னாளில் வரவேற்பறைக்கு விலை உயர்ந்த தாளை வாங்கியபோது, படங்கள் மறைக்கும் இடங்களை விட்டுவிட்டு, கண்ணில் படும் இடங்களில் மட்டும் ஒட்டியிருக்கிறார்! அம்மாவிடம் சொன்னேன். "புத்திசாலி" என்றாள். என்னை அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

படம் வரையப் புகைப்படங்களைப் பார்ப்பது அவர் வழக்கம். அவற்றைக் கழுவ வீட்டுக் குளியலறையையே பயன்படுத்திக்கொண்டார். மரியன் அதை எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ!

சாம்போர்ன் 1910இல் போய்விட்டார். மகன் ராய் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1946இல் இறக்கும்வரை அந்த வீட்டில் பெரிதாக எதையும் மாற்றவுமில்லை. பிறகு சாம்போர்னின் மகள்வழிப் பேத்தி ஆன் காப்பாற்றினார். அந்தக் காலத்தில் விக்டோரியா காலத்துக் கட்டடம் என்றாலே இங்கே பலருக்கும் இளக்காரம். லண்டன் யூஸ்டன் ரயில் நிலைய வளைவையே 1960களின் தொடக்கத்தில் இடித்துத் தள்ளினார்கள். அத்தகைய கட்டடங்களுக்காகப் போராடிய 'விக்டோரியன் சொசைட்டி' பிறந்தது ஆனின் முயற்சியில், இந்த வீட்டில்தான்.

உன் வீடு அந்த வீட்டைப் போல அருங்காட்சியகம் இல்லை என்பாய். சரிதான். ஆனால் அந்தக் காலச் செங்கல் சுவரின் குணம் அங்கேயும் இங்கேயும் ஒன்றே. நடுவில் இடைவெளி இல்லாத திடச் சுவர், சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. மழையில் ஈரத்தை உறிஞ்சும், வெயிலிலும் காற்றிலும் அந்தச் சுண்ணாம்பு வழியாகவே வெளியே விடும். ஊரில் தாத்தா கட்டிய காரை வீடும் இப்படித்தான் மூச்சு விட்டது. நம் வீட்டின் பின்சுவரில் செங்கல் இடுக்குகளைச் சிமெண்டால் பூசிய கூத்து நினைவிருக்கிறதா? வேலைக்கு வந்தவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். இரண்டே குளிர்காலத்தில் உள்ளே ஓதம் ஏறிவிட்டது. தேங்கிய ஈரம் உறைந்து, வெளியே செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உன் படுக்கையறையில்தான் அந்தப் பூஞ்சை வாடை.

ஆகவே சிமெண்ட் என்று எவர் சொன்னாலும் மறுத்துவிடு. மாப்பிள்ளைக்குக் கணப்பு பிடிக்கவில்லையென்றால் பெயர்க்க வேண்டாம், முன்னால் ஒரு பலகை வைத்து மூடுங்கள். பலகையில் காற்றுத் துளை இருக்கட்டும், இல்லாவிட்டால் புகைபோக்கிக்குள் ஈரம் தேங்கும். தரைமட்டத்தில் வெளிச்சுவரில் ஓட்டை வைத்த செங்கற்கள் இருக்கும். குளிர் வருகிறது என்று அவற்றை அடைத்துவிடாதீர்கள், மரத் தரைக்கு அடியில் காற்று ஓட வேண்டும். வெள்ளையடிப்பது உங்கள் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் பழைய சுவருக்கு ஏற்ற, ஈரத்தை அடைத்து வைக்காத வண்ணமாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த மாதம் இரண்டாம் வாரம் ரயிலில் வருகிறோம். அதற்குள் மாடி அறையின் பழைய சுவர்த்தாளை ஒரு மூலையில் மட்டும் மெல்ல உரித்துப் பார். அடியில் இன்னொரு தாள் இருந்தால் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா