மே சோட் போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தைத் தை மாதத்துக்கு வைத்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மே சோட் போகிறாய் என்றாய். நண்பனோடு, சும்மா சுற்றிப் பார்க்க என்றாய். போகாதே என்று நான் சொல்லவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து தாய்லாந்துக்குப் போகிறவர்கள் ஹாட்யாய் போவார்கள், பேங்காக் போவார்கள். பர்மா எல்லையில் இருக்கிற ஊரைத் தேடிப் போகிறாயே என்று பெரியப்பா மருமகனிடம் விசாரித்தேன். நகைக்குக் கல் வாங்க அங்கே போய் வந்தவர்தானே அவர். ஊர் நல்ல ஊர் என்கிறார். தெருவிலேயே தட்டுகளில் பச்சைக் கல்லும் சிவப்புக் கல்லும் பரப்பி வைத்து, கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு பேரம் பேசுவார்களாம். அதையெல்லாம் பார்த்துவிட்டு வா.

ஆற்றைத் தாண்டாதே. மோயி என்று பெயர், அதுதான் எல்லை. கோடையில் பல இடங்களில் இறங்கி நடந்தே அக்கரைக்குப் போய்விடலாமாம். 1997இல் திறந்த பாலம் தலைக்கு மேலே இருக்க, அதன் அடியிலேயே லாரி டியூபில் உட்கார்ந்து ஆள்கள் போய் வருவார்களாம். வெள்ளம் வந்தால் ஆறு தடம் மாறும். இக்கரை மண் அக்கரையோடு சேர்ந்துவிடும், பிறகு அது யாருடைய நிலம் என்று இரண்டு நாட்டுக்கும் தகராறு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதன் காணாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது? 2025 ஜனவரியில் ஒரு சீன நடிகரைப் படப்பிடிப்பு என்று மே சோட்டுக்கு வரவழைத்து, அங்கிருந்து அக்கரையில் பர்மாவின் மியாவடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த மாதம் தாய்லாந்து அந்தப் பக்கத்துக்கு மின்சாரத்தையும் எண்ணெயையும் நிறுத்தியது. அதன்பிறகு, ஆள்களை அடைத்துவைத்து இணையத்தில் ஏமாற்று வேலை செய்யவைக்கும் மோசடிக் கூடங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆள்கள் வெளியே வந்தார்கள். அங்கே அடைபட்டு மீண்டவர்களில் நம் மலேசியப் பிள்ளைகளும் உண்டு. எல்லாம் படித்த பிள்ளைகள். கணினி வேலை, நல்ல சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று கேட்டுப் போனவர்கள்.

நம் தோட்டத்து லயத்தில் 1943இல் ஜப்பான்காரர்கள் என் தாத்தாவிடமும் இதைத்தான் சொன்னார்கள். நல்ல சம்பளம், அரிசி, தங்க இடம். சரக்கு ரயிலில் ஏற்றி தாய்லாந்தில் பான் போங்கில் இறக்கினார்கள். அங்கிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம் அந்த வருஷம் அக்டோபரில் முடிந்தது. தாத்தா வரவில்லை. ஆயாவின் தாலியைப் பற்றி நான் உனக்கு மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ரயில் போனது தெற்கே, மூன்று பகோடா கணவாய் வழியாக; மே சோட் வழியாக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நீ அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் எனக்கு ஆயா முகம்தான் வந்தது.

நீ கெட்டிக்காரன். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் முதல் பட்டதாரி. கோயிலில் யார் கேட்டாலும் அப்பா உன் வேலையைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனால் தீபாவளிக்கும் நீ வரவில்லை. போன் செய்தால் இரண்டு வார்த்தை, பிறகு வேலை இருக்கிறது என்கிறாய். அந்த அலுவலக எண்ணுக்கு அழைத்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

சென்ற வாரம் ஒருவர் உன்னைக் கேட்டு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. சுவரில் இருக்கிற உன் பட்டமளிப்புப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. அப்பாவின் சேமநிதிப் பணத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது, அது எங்களுக்கு இப்போது தேவையில்லை என்று மட்டும் அப்பா எழுதச் சொன்னார். என் வளையலும் சும்மாதான் கிடக்கிறது.

வெளியில் போகும்போது தண்ணீர் கொண்டு போ. கடப்பிதழை யார் கேட்டாலும் கொடுக்காதே, விடுதிக்காரர் பார்த்தால் உடனே திருப்பி வாங்கிவிடு. தினமும் இரவு அழை. குறுஞ்செய்தி வேண்டாம், உன் குரல் வேண்டும். ஆற்றைத் தாண்டாதே. யார் அழைத்தாலும், ஒரு மணி நேரம்தான் என்றாலும் தாண்டாதே.

டிக்கெட்டை நண்பன் எடுத்துக் கொடுத்தான் என்றாய். எந்த நண்பன் என்று அப்பா கேட்கிறார். அந்த டிக்கெட்டைப் படம் எடுத்து இன்றே அனுப்பு. போகும் டிக்கெட் மட்டும் போதாது. திரும்பி வரும் டிக்கெட்டும் உன் பெயரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் புறப்படாதே, வீட்டுக்கு வா. எதற்காக வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டோம்.

அன்புடன்,
அம்மா