வார்த்தை வராத நாட்களில்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. உனக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய நூல் சேலைகளைப் போன வாரம் திரும்ப மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில், "ஜெபிக்க உட்கார்ந்தா வார்த்தையே வரமாட்டேங்குதுப்பா" என்றாய். நான் "ஆண்டவர் பார்த்துக்குவாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை அவசரமாக அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். 32 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கும் சொந்த வார்த்தையில் ஜெபிக்க வராது. வீட்டு ஜெபத்தில் நான் சொல்வதெல்லாம் உன் தாத்தாவிடம் கேட்டது, அவர் சபைப் போதகரான ஐயரிடம் கேட்டது. ஆச்சி இறந்த ராத்திரி எல்லாரும் அசந்து தூங்கின பிறகு கண்ணை மூடினேன். உள்ளே ஒன்றுமே இல்லை. கிருஷ்ணபிள்ளையின் 'சத்தாய் நிஷ்களமாய்' பாட்டு மட்டும் வாய்க்குள் ஓடியது. 'எனக்கார் துணை யாருறவே' என்ற இடத்துக்கு வந்ததும் அதற்கு மேல் நகரவில்லை. விடியும்வரை அந்த ஒரு வரிதான்.

கிருஷ்ணபிள்ளை 1827-இல் நம்மூருக்குப் பக்கத்தில் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஊறினவர். 1858-இல், முப்பது தாண்டி, ஞானஸ்நானம் எடுத்தார். ஆனால் பாட்டென்று வந்தபோது பழைய தமிழை அவர் விடவில்லை. இந்தப் பாட்டைச் சுந்தரரின் 'பொன்னார் மேனியனே'வோடு சேர்த்து வைத்துப் பாடிப் பார், நடை எவ்வளவு ஒத்துப்போகிறது என்று தெரியும். அங்கே 'அன்னே உன்னையல்லால்', இங்கே 'அத்தா உன்னையல்லால்'. அவர் தாயே என்று கூப்பிட்டார், இவர் தகப்பனே என்றார். இதைச் சொன்னால் நம் சபையில் சிலருக்கு முகம் சுருங்கும். எனக்கு அந்தப் பாட்டே இதனால்தான் இன்னும் பிடிக்கிறது. அவ்வளவு பெரிய புலவரே இரவல் வாங்கியிருக்கிறார், நமக்கென்ன?

அப்புறம், இந்த லெந்து தவக்கால நாட்களில் வேதத்தில் புலம்பல் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். எருசலேம் இடிந்து கிடக்கிறது, பிள்ளைகள் பசியால் தெருவில் விழுகிறார்கள். அதை எழுதினவர் நம் ஆத்திசூடி போல எழுத்து வரிசையில் எழுதியிருக்கிறார். எபிரெயத்தில் எழுத்துகள் 22. முதல் இரண்டு அதிகாரத்திலும் நாலாவதிலும் எழுத்துக்கு ஒன்றாக 22 வசனம். மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66. தமிழில் வாசிக்கும்போது இது தெரிவதில்லை. அழுகிறவன் எழுத்தை எண்ணிக்கொண்டா அழுவான் என்று முன்பெல்லாம் எனக்கே சந்தேகம் வரும். இப்போது தோன்றுகிறது, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்திருக்கும். ஐந்தாவது அதிகாரத்தில் வரிசை போய்விடுகிறது. 22 வசனம் என்ற கணக்கு மட்டும் மிச்சம். கடைசியில் 'எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ' என்று ஆண்டவரையே கேட்டு, அவருடைய கோபத்தைச் சொல்லி முடித்துவிடுகிறார். பதில் இல்லை. ஆமென்கூட இல்லை. அதையும் வேதத்துக்குள் வைத்துத்தானே பைண்டு பண்ணியிருக்கிறார்கள்.

இன்னொன்று. 91-ஆம் சங்கீதத்தில் தடுமாறினாய் என்று உன்னை முழங்காலில் நிற்க வைத்தேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. அன்றைக்கு அம்மா என்னோடு பேசவே இல்லை. மனப்பாடம் பண்ண வைத்தது தப்பென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. முழங்காலில் நிற்க வைத்தது தப்பு. அதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

மருமகன் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? அவரும் உள்ளுக்குள் வைத்துக்கொள்கிற ஆள், கவனித்துக்கொள்.

நாங்கள் வழக்கம்போல ராத்திரி எட்டரைக்கு ஜெபத்துக்கு உட்காருவோம். உனக்கு இஷ்டமிருந்தால் அந்த நேரத்தில் போன் போட்டு மேசையில் வைத்துவிடு. பேச வேண்டாம், ஜெபிக்கவும் வேண்டாம். கறி நறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி. அம்மா தாளத்தில் நிற்காமல் இழுத்து இழுத்துத்தான் பாடுவாள், உனக்குத் தெரியாததா.

பிரியமுள்ள,
அப்பா