கொச்சிக்காய் வயிற்றில் ஓட்டை போடுவதில்லை

ஆசிரியருக்கு,

அல்சர் என்றதும் கொச்சிக்காயைக் குறை, புளியைக் குறை என்றுதான் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். உறைப்பு எரிவைக் கூட்டலாம். புண் ஆழமாகி வயிற்றில் ஓட்டை விழுவது அதனால் அல்ல. மட்டக்களப்பில் சத்திரசிகிச்சை விடுதிகளில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். வயல் வெட்டுக் காலம் நெருங்குகிறது, உடம்பு நோவுக்குக் குளிசை தேடுபவர்கள் கூடுவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

வயிற்றிலோ முன்சிறுகுடலிலோ ஓட்டையாகி வந்தவர்களில் இரண்டு வகையினரைத்தான் அதிகம் கண்டேன். ஒன்று, முப்பது நாற்பது வயது ஆண்கள். சிகரெட் அல்லது பீடி, பின்னேரம் சாராயம், விடியவே வெறும் தேத்தண்ணியோடு வயலுக்கோ கடலுக்கோ போய்விடுவார்கள். மற்றது, முழங்கால் நோவுக்கு மாதக்கணக்கில் டைக்ளோபினாக் போடும் வயதான அம்மாமார். இதயத்துக்கு அஸ்பிரினும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூட. என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால், "ஒண்டும் இல்ல மிஸ், நோவுக் குளிசை மட்டும்தான்" என்று பெயர் எழுதாத கடதாசி உறையை நீட்டுவார்கள்.

சாப்பிட்டபின் போட்டால் ஒன்றும் செய்யாது என்பதும் சரியல்ல. இந்தக் குளிசை இரத்தத்தில் கலந்தும் வயிற்றின் உட்சுவரைப் பலவீனமாக்கும். ஊசியாகப் போட்டாலும் அதேதான்.

பலருக்குப் புண்ணுக்குக் காரணமாக ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமியும் இருக்கும். அதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசே கிடைத்தது. இரண்டு கிழமை மருந்தில் பெரும்பாலும் அழிந்துவிடும். ஒப்பரேஷனில் ஓட்டையை அடைத்த பிறகு இதைக் கவனிக்காமல் விட்டால் புண் திரும்பவும் வரலாம்.

ஓட்டை விழும்போது வரும் வலியைத்தான் ஆட்கள் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். மேல்வயிற்றில் திடீரென்று தொடங்கும். எத்தனை மணிக்கு என்றே பலர் சொல்லிவிடுவார்கள். சிறுநீரகக் கல் வலிக்காரர் கட்டிலில் உருண்டு புரள்வார். ஓட்டை விழுந்தவரோ முழங்காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடப்பார், மூச்சைக்கூட மெல்லத்தான் விடுவார். தொட்டால் வயிறு பலகை மாதிரி. சிலருக்குத் தோள்மூட்டும் நோகும். வீட்டில் வாயு என்று சோடா உடைத்துக் கொடுப்பார்கள், இஞ்சி அவித்துக் கொடுப்பார்கள், இரவு கழிந்துவிடும். குடிப்பதெல்லாம் ஓட்டையால் வயிற்றறைக்குள்தான் போகும். வாயில் ஒன்றும் கொடுக்காமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஒரு நாள் தாண்டினால் உயிராபத்து பல மடங்கு. வயதானவர்களுக்கும் ஸ்டீரொய்ட் எடுப்பவர்களுக்கும் வலி மட்டமாகவே தெரியலாம், அவர்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பாமசி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். டொக்டரின் துண்டு இல்லாமல் டைக்ளோபினாக் கொடுக்காதீர்கள். துண்டோடு வந்தாலும், "முந்தி அல்சர் இருந்ததா, வேற என்ன குளிசை போடுறீங்க?" என்று கேளுங்கள். உடம்பு நோவுக்குப் பெரும்பாலும் அளவோடு போடும் பனடோலே போதும்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
செங்கலடி